பெயருக்கு ஒரு வெளியீட்டாளர்

ஏவெர்ட் சாண்டெலினின் வாயோரத்தில் ஓட்ஸ் கஞ்சி வழிந்து, மோவாயில் சற்றே தயங்கி, கழுத்தில் கட்டியிருந்த துண்டில் சொட்டியது.

சிக்ஸ்டன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். கீழே கிரான்ஷேர் துறைமுகத்தில் ஏப்ரல் மாதத்துப் பனிக்கட்டி அழுக்கேறி, கரையை விட்டுப் போக மனமில்லாமல் கிடந்தது.

"ஒரு காலத்துல இந்த ஊரையே நடுங்க வச்ச பத்திரிகை ஆசிரியர்," என்றான் மெதுவாக. "இப்ப கஞ்சியைத்தான் வெளியிட்டுக்கிட்டிருக்கார்."

"சிக்ஸ்டன்."

குன்னெல் ஆஸ்ப் அவ்வளவுதான் சொன்னார். போலீஸில் இருந்த காலத்திலேயே அவர் குரலை உயர்த்தியதில்லை என்பார்கள். இப்போது தனியாகத் துப்பறியும் தொழில். தலையில் ஒட்ட வெட்டிய நரைமுடி, உடம்பில் செத்துப்போன கணவரின் ஓவர்கோட், சம்பளத்துக்கு சிக்ஸ்டன் ஃப்ரீட் என்று ஒரு உதவியாளன். வாயை மூடத் தெரியாதவன் என்பதைத் தவிர அவன்மேல் அவருக்குப் புகார் ஏதும் இல்லை.

"கேக்கறதைக் கேளுங்க. பதில் மட்டும் எதிர்பார்க்காதீங்க," என்றாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த முதியோர் இல்லத்துப் பணிப்பெண். "பக்கவாதம் வந்ததுலேர்ந்து இப்படித்தான். நல்ல நாளா இருந்தா ஒரு வார்த்தை சொல்வார். அதுவும் எதுக்கும் சம்பந்தமில்லாம இருக்கும்."

குன்னெல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிழவருக்கு நேரெதிரே உட்கார்ந்தார்.

"ஏவெர்ட், 'மூடுபனிச் சங்கு' பத்திரிகையோட பொறுப்பு வெளியீட்டாளர் நீங்கதானா?"

கிழவரின் நீலக் கண்கள் எங்கோ சுற்றிவிட்டு வந்தன. உதடு கோணியது.

"காட்டிக்கறேன்," என்றார். பிறகு மூச்சு வாங்கி, "வெளியில... அப்படித்தான்... காட்டிக்கறேன்."

"பாத்தீங்களா," என்றாள் பணிப்பெண். "எதைக் காட்டறார், யாருக்குக் காட்டறார்னு கேட்டா சொல்லத் தெரியாது. பாவம்."

"பாக்க யாராவது வர்றாங்களா?"

"சொந்தம்னு யாரும் இல்ல. ஒரு அம்மா மட்டும் வாரம் தவறாம வருவாங்க. கையைப் பிடிச்சுக்கிட்டு காதுகிட்ட ஏதோ பேசிக்கிட்டே இருப்பாங்க. இந்த மணிக்கட்டு உறைகூட அவங்க பின்னிக் கொடுத்ததுதான். எவ்வளவு நல்ல மனசு."

சாம்பல் நிறக் கம்பளியில் ஒரு சிவப்புக் கோடு. குன்னெல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காரில் ஏறியதும் சிக்ஸ்டன் ஹீட்டரைப் போட்டான். ஏலக்காய் பன் இருந்த பையைப் பிரித்தான்.

"முடிஞ்சுது பாஸ். இவ்வளவு சுலபமா ஒரு கேஸ் முடிஞ்சதுக்கு எனக்கே வெக்கமா இருக்கு. நம்மளை அனுப்பின வக்கீல் கேட்டா என்ன சொல்லணும்னு ஒரு தடவை ஒத்திகை பாக்கட்டுமா?"

"பாரு."

"சுவீடன்ல பத்திரிகைன்னு ஒண்ணு நடத்தினா, அதுக்கு ஒரு 'ஊத்யீவாரே' வேணும். வெளியே கொடுக்கறவர்னு அர்த்தம். ஆனா சட்டத்துல அதுக்கு வேற அர்த்தம். பத்திரிகைல என்ன விஷம் வந்தாலும் அதை எழுதினவனைத் தொட முடியாது. அச்சடிச்சவனையும் தொட முடியாது. அவ்வளவு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கழுத்து. அந்தக் கழுத்துக்குப் பேர்தான் ஊத்யீவாரே."

"பன்னை முழுங்கிட்டுப் பேசு."

"ஆனா சட்டத்துல ஒரு சின்ன ஜன்னல் இருக்கு. அந்த ஆள் சும்மா பேருக்கு உட்கார வைக்கப்பட்ட பொம்மைன்னு நிரூபிச்சுட்டா, பழி பத்திரிகை முதலாளி தலைக்குப் போயிடும். நாம இப்ப பாத்துட்டு வந்தது சாதாரண பொம்மை இல்ல, துண்டு கட்டின பொம்மை. ஆனெலி முதலாளி மேல கேஸ் போடலாம். சுபம்."

குன்னெல் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

ஆனெலி ப்ரென்லுண்ட் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். போன அக்டோபரில், முதல் பனி விழுந்த காலையில், பஸ் சறுக்கிப் பள்ளத்தில் சாய்ந்தது. ஒரு சிறுமிக்குக் கால் முறிந்தது. அங்கேயே போலீஸ் ஆனெலியை ஊதச் சொன்னார்கள், சுத்தமாக இருந்தாள். ஆனால் அந்த வாரம் வீடு வீடாக இலவசமாக விழும் 'மூடுபனிச் சங்கு'வில், எழுதியவர் பெயர் இல்லாமல் ஒரு கட்டுரை வந்தது. டிரைவர் குடித்திருந்தாள், போலீஸ் மூடி மறைத்துவிட்டது என்று. படிக்கப் படிக்கத் தேன் மாதிரி இனித்த கட்டுரை. ஊர் அதை நம்பியது. பஸ் கம்பெனி அவளை வீட்டில் இருக்கச் சொன்னது. கூட வாழ்ந்தவன் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனான், திரும்பி வரவில்லை. மகள் பள்ளிக்கூடத்தில் மத்தியானம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

வழக்குப் போடும் கெடு அடுத்த வாரத்தோடு முடிகிறது. யார்மேல் போடுவது என்பதுதான் கேள்வி. அதைத் தெரிந்து சொல்லத்தான் ஆனெலியின் வக்கீல் குன்னெலை அமர்த்தியிருந்தார்.

"அந்தக் கட்டுரையை எழுதினது யாருன்னு தெரியணும்," என்றார் குன்னெல்.

"தேவையே இல்லையே பாஸ். சட்டம் வேண்டாங்குது, வக்கீல் வேண்டாங்கறார், என் வயிறும் வேண்டாங்குது."

"காரை எடு."

ரோலண்ட் தெங்வாலின் சோபாக் கடை தேவாலயத்துக்குப் பின்னால் இருந்தது. சாண்டெலின் நடத்திய நாளிதழை விலைக்கு வாங்கியவர் தெங்வால்தான். வாங்கி, மூடி, அச்சு இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் இந்த வாராந்தர விளம்பரத் தாளை ஆரம்பித்தார். பாதிப் பக்கம் சோபா, மீதிப் பக்கம் ஜோசியம், பன்றிக்கறி விலை, ஊர்வம்பு. கடைசிப் பக்கத்தின் அடியில் மட்டும் சாண்டெலினின் பெயர் அப்படியே நின்றது. சட்டத்துக்கு ஒரு பெயர் வேண்டும். ஊரில் மதிப்புள்ள பெயர் அது ஒன்றுதான்.

கடையின் பின்னறையில், விளம்பரங்களுக்கு நடுவே, யேர்டா உட்கார்ந்திருந்தாள். பத்திரிகையின் ஒரே ஊழியர். பழைய நாளிதழில் அச்சுக் கோத்தவள். தாடை இறுகிய, அறுபதைத் தாண்டிய பெண்.

"அந்த பஸ் கட்டுரையை உங்ககிட்ட கொடுத்தது யாரு?" குன்னெல் நேராகவே கேட்டார்.

"நீங்க போலீஸா இருந்தா இந்தக் கேள்வியைக் கேட்டதுக்கு உங்களை உள்ள தள்ளலாம்," என்றாள் யேர்டா. "போலீஸ் இல்லாததால கேக்கலாம். ஆனா பேர் போடாம எழுதினவரை அரசாங்கம் தேடக் கூடாது, நாங்க காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னு சட்டம். நான் பதில் சொன்னா, என்னை உள்ள தள்ளுவாங்க. காபி குடிக்கிறீங்களா?"

"இந்த நாட்டுல வாயை மூடிக்கிட்டு இருக்கறதுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்குன்னு இப்பத்தான் தெரியுது," என்றான் சிக்ஸ்டன். "எங்க பாஸ் என்னை இத்தனை நாள் வேலைல வச்சிருந்ததே தப்பு."

யேர்டா சிரிக்கவில்லை. காபி ஊற்ற எழுந்தாள். அவள் நாற்காலியில் ஒரு பின்னல் வேலை பாதியில் நின்றிருந்தது. சாம்பல் நிறக் கம்பளி, சிவப்புக் கோடு. சிக்ஸ்டன் அதைப் பார்த்தான். வாரம் தவறாமல் போகிற நல்ல மனசு இதுதானா என்று நினைத்தான். பழைய முதலாளி, பழைய விசுவாசம். அதில் தப்பொன்றும் அவனுக்குத் தெரியவில்லை.

முன்பக்கம் தெங்வால் ஒரு தோல் சோபாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்ல உயரம், நல்ல பல்வரிசை.

"சோபா வாங்க வந்தீங்களா, சண்டை வாங்க வந்தீங்களா?"

"தவணை உண்டுன்னா ரெண்டும்," என்றான் சிக்ஸ்டன்.

"ஆனெலி விஷயமா வந்தேன்," என்றார் குன்னெல்.

தெங்வாலின் கைத்துணி நின்றது. "எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அந்தப் பேப்பரை நான் படிக்கறதே கிடையாது. விளம்பரம் அதது இடத்துல விழுந்திருக்கான்னு பாப்பேன், தூக்கிப் போட்டுடுவேன்."

"படிக்காம எப்படி நடத்தறீங்க?"

"படிச்சா நடத்த முடியாது." அவர் அதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை. "ஊர்வம்பு எல்லாம் யேர்டாகிட்ட வருது. யாருகிட்டேர்ந்துன்னு நான் கேக்கறதில்ல. கேக்கவும் கூடாது. பொறுப்பெல்லாம் ஏவெர்ட்தான். அவர் முழு மனசோட சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டவர்."

"அவருக்கு இப்ப கஞ்சி குடிக்கவே இன்னொருத்தர் கை வேணும்."

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்க போனதே இல்ல."

குன்னெல் கோட்டுப் பையிலிருந்து அந்தக் கட்டுரையை எடுத்துப் பிரித்தார். "சரி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மிஷன் வீட்டு வளைவுக்கு இங்கேர்ந்து எப்படிப் போகணும்?"

"எந்த வீடு?"

"மிஷன் வீடு. பஸ் விழுந்த இடம். கட்டுரைல அப்படித்தான் போட்டிருக்கு."

"பஸ் விழுந்தது பெட்ரோல் பங்க் வளைவுலங்க. இந்த ஊர்ல மிஷன் வீடுன்னு ஒண்ணு நான் பார்த்ததே இல்லையே." தெங்வால் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். சொந்தப் பத்திரிகையை அவர் முதல் தடவையாகப் படிக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. பாதிக்கு மேல் போகப் போக அவர் காது மடல் சிவந்தது. "இது... இதுவா போட்டோம்?"

குன்னெல் தாளைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் சிக்ஸ்டன் கேட்டான், "அந்த மிஷன் வீடு எங்க பாஸ்?"

"பழைய ஜெபக்கூடம். எரிஞ்சு போச்சு. நான் போலீஸ்ல சேர்ந்த புதுசுல. அந்த இடத்துலதான் பங்க் கட்டினாங்க. என் வயசுக்காரங்களே இப்ப பங்க் வளைவுன்னுதான் சொல்றாங்க. தெங்வால் அதுக்கப்புறம் தெற்கேருந்து வந்தவர். இந்தக் கட்டுரையை அவர் எழுதியிருக்க முடியாது."

"அப்ப ஏதோ ஒரு பழைய ஆள் எழுதியிருக்கான். இந்த ஊர்ல பழைய ஆளுங்களுக்கா பஞ்சம்?"

"காலைல சாண்டெலின் என்ன சொன்னார்?"

"அதையெல்லாம் ஒரு பேச்சா எடுத்துக்கிட்டு... வெளியில அப்படித்தான் காட்டிக்கறேன்னார்."

"அவர் சொன்ன வினைச்சொல் எது? நம்ம சுவீடிஷ்ல?"

சிக்ஸ்டன் காரின் கதவைத் திறந்தவன் அப்படியே நின்றான். ஊத்யீவாரே, வெளியே கொடுப்பவர், என்கிற அதே சொல். அதைக் கொஞ்சம் திருப்பி, ஒருவன் தன்னையே வெளியே கொடுக்கிறான் என்று சொன்னால், அவன் வேஷம் போடுகிறான் என்று பொருள். குழந்தைக்குக்கூடத் தெரிந்த வழக்கு.

"உளறினார் பாஸ்," என்றான், ஆனால் குரலில் காலையில் இருந்த தைரியம் இல்லை.

"பக்கவாதக்காரர் உளறினா இலக்கணம் உதிரும். சிலேடை வராது." குன்னெல் ஏறி உட்கார்ந்தார். "ஆனெலி வீட்டுக்குப் போ. அவங்களையும் கூட்டிக்கிட்டு இன்னொரு தடவை அவரைப் பார்ப்போம். அப்புறம், உன் ஃபோன்ல பேச்சைப் பதிவு பண்ற வசதி இருக்கு இல்ல?"

ஆனெலி காரின் பின்சீட்டில் வழி நெடுக ஒன்றும் பேசவில்லை. நாற்பதைத் தாண்டியவள், அகலமான தோள், ஸ்டியரிங் பிடித்துப் பழகிய கைகள். அந்தக் கைகளை மடியில் எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தாள். இல்லத்தின் தாழ்வாரத்தில் குன்னெல் அவளை நிறுத்தி, "கதவை லேசாத் திறந்து வைக்கறேன். நான் கூப்பிடறவரைக்கும் வராதீங்க," என்றார்.

சாண்டெலின் காலையில் இருந்த அதே கோலத்தில் இருந்தார். துண்டு மட்டும் மாறியிருந்தது.

குன்னெல் இந்தத் தடவை அவரிடம் எதுவும் கேட்கவில்லை. ஜன்னலருகே நின்று, கட்டுரையைப் பிரித்து, சிக்ஸ்டனோடு பேச ஆரம்பித்தார்.

"என்னமோ சொல்லு சிக்ஸ்டன், தெங்வாலுக்குக் கை இருக்கு."

சிக்ஸ்டனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஒத்து ஊதுவது அவன் தொழிலில் ஒரு பகுதி. "கையா? சோபா தைக்கிற கைன்னுல்ல நெனச்சேன்."

"இந்த வரியைக் கேளு. 'பனிக்கு வாய் கிடையாது. ஆகவே அந்தப் பெண்ணின் வாயைத்தான் முகர்ந்து பார்க்க வேண்டியிருந்தது.' எப்படி இருக்கு? கொடுமையான வரி. ஆனா எழுத்துன்னா அது எழுத்து. சாண்டெலின் காலத்துல நாற்பது வருஷம் பேப்பர் வந்துச்சு. இப்படி ஒரு வரி நான் அதுல படிச்சதில்ல."

"அவர் காலத்துல மீன் விலையும் சாவுச் செய்தியும்தானே பாஸ்."

"தெங்வால்தான் நிஜமான பத்திரிகைக்காரர். பாவம், சோபா வித்துக்கிட்டிருக்கார்."

 துண்டில் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்த சொட்டு விழவில்லை.

"தெங்வாலா?"

சிக்ஸ்டன் திரும்பினான். குரல் தெளிவாக, வறண்டு, கொஞ்சம் கரகரப்பாக இருந்தது.

"அவனுக்கு அரைப்புள்ளி எங்க போடறதுன்னு தெரியுமா?" சாண்டெலின் துண்டை எடுத்துத் தன் வாயைத் தானே துடைத்துக்கொண்டார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு சோபா விளம்பரத்துல நாலு தப்பு விடறவன். அவன் எழுதினானாம். ஏம்மா, நீ படிக்கத் தெரிஞ்சவதானே?"

"படிச்சதாலதான் வந்தேன்," என்றார் குன்னெல். "ஒவ்வொரு வாரமும் யேர்டா காதுல சொல்லி எழுத வைக்கறீங்க."

"பக்கவாதம் வந்தது நிஜம். இடது கால் இன்னமும் என் பேச்சைக் கேக்காது. வாய் திரும்பி வந்தப்ப, யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

"ஏன்?"

"ஏனா?" அவர் சிரித்தார். "என் மெஷினைக் கிலோ கணக்குல வித்தான். என் ஆபீஸ் பசங்க அத்தனை பேரையும் ஒரே நாள்ல வீட்டுக்கு அனுப்பினான். அதுகூடப் பரவாயில்ல. வாராவாரம் பன்றிக்கறி விலைக்கும் கைரேகைக்காரிக்கும் அடியில என் பேரைப் போடறான். என் அப்பா கொடுத்த பேர். அமைச்சர்களே பயந்த பேர்."

"ஒரு வரி எழுதி விலகியிருக்கலாமே."

"விலகினா வேற ஒருத்தன் பேர் வரும். பேப்பரும் நடக்கும், அவனும் நடப்பான். அவன் கீழ விழணும்னா, அவன் பேப்பர்ல ரொம்பப் பெரிய அவதூறு ஒண்ணு வரணும். ஊத்யீவாரே பொம்மைன்னு யாராவது கெட்டிக்காரி வந்து நிரூபிக்கணும். அப்ப அவன்தான் கூண்டுல நிப்பான். கடையை வித்தாலும் கட்ட முடியாத நஷ்டஈடு." அவர் குன்னெலை ஏற இறங்கப் பார்த்தார். "கெட்டிக்காரிதான் வந்தே. கொஞ்சம் அதிகப்படியா வந்துட்டே. காலைலேயே நான் பொம்மைன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிருக்கலாம்."

சிக்ஸ்டனின் சட்டைப் பையில் ஃபோன் பேச்சைப் பதிவு செய்துகொண்டிருந்தது. 

"அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன செஞ்சா?" என்று கேட்டான்.

"ஒண்ணும் செய்யல. நல்ல பொண்ணு. சின்னதா இருந்தப்ப என் பேப்பரை வீடு வீடாப் போட்டவ. முழங்கால் பனியில. ஒரு நாள் தவறினதில்ல." கிழவர் ஜன்னலைப் பார்த்தார். "பஸ் சாய்ஞ்சுது. ஊரே அதைத்தான் பேசிக்கிட்டிருந்துச்சு. எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டுச்சு."

கதவு திறந்தது. குன்னெல் இன்னும் கூப்பிடவில்லை. ஆனெலி உள்ளே வந்து, கட்டில் ஓரத்தில், அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

சாண்டெலினின் வாய் லேசாகக் கோணப் போனது. பிறகு, பயனில்லை என்று அதுவே நேரானது.

"கோபம் வேண்டாம்மா," என்றார். "நீ ஜெயிக்கப்போற. தெங்வால் கொடுக்கற பணத்துல உன் பொண்ணைப் பெரிய ஊர்ல படிக்க வைக்கலாம். கேஸ் முடிஞ்ச அடுத்த இதழ்ல, முதல் பக்கத்துல, மறுப்பு போடறேன். எழுதியே வச்சுட்டேன்." அவர் கண்ணை மூடிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லையும் தட்டில் வைப்பதுபோல் வைத்தார். "'சென்ற அக்டோபரில் இந்தப் பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயரை நாம் அழித்தோம். அவர் குடித்திருக்கவில்லை. தடுமாறியது சாலை, அவர் அல்ல. அவருடைய வண்டியில் ஏறிய குழந்தைகள் அதை அறிவார்கள். நாம்தான் அறிய விரும்பவில்லை.'"

சிக்ஸ்டன் தரையைப் பார்த்தான். நன்றாக இருந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"அழகா இருக்கு," என்றாள் ஆனெலி. அவள் இந்த மத்தியானத்தில் பேசிய முதல் வார்த்தை. "எப்ப எழுதினீங்க?"

"அந்தக் கட்டுரை எழுதின அன்னிக்கே. ரெண்டையும் ஒண்ணாத்தான் எழுதினேன்."

அவள் தலையசைத்தாள். கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்தாள்.

"இன்னிக்கே போடுங்க. நீங்க போடுன்னா யேர்டா போட்டுத்தான் ஆகணும். யாரும் தடுக்க முடியாது. ஊத்யீவாரே நீங்கதானே?"

"போட்டா எனக்குச் சுய அறிவு இருக்குன்னு தெரிஞ்சுடும்மா. தெங்வால் தப்பிச்சுடுவான்."

"தப்பிச்சா தப்பிக்கட்டும். எனக்கு அந்த மறுப்பு போதும். கேஸே வேண்டாம்."

கிழவர் அவளை உண்மையான ஆச்சரியத்தோடு பார்த்தார். இப்படி ஒரு பேரம் நடக்கலாம் என்பதே அவருக்குத் தோன்றியிருக்கவில்லை போலிருந்தது. உதடுகள் அசைந்தன. ஒரு கணம் சிக்ஸ்டன் நம்பினான்.

"கொஞ்சம் பொறுத்துக்கோ," என்றார் சாண்டெலின். "இவ்வளவு நாள் பொறுத்துட்டே."

தாழ்வாரத்தில் தள்ளுவண்டிச் சக்கரம் கீச்சிட்டது. பணிப்பெண் காபித் தட்டோடு உள்ளே வந்தபோது, நாற்காலியில் கிழவர் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தார். வாயோரத்தில் எச்சில் நூலாக இறங்கியது.

"இப்ப பேசிக்கிட்டிருந்தார்," என்றாள் ஆனெலி. "தெளிவா, நம்மளை மாதிரி."

பணிப்பெண் தட்டை வைத்தாள். ஆனெலியின் முகத்தைப் பார்த்தாள், யாரென்று புரிந்துகொண்டாள். கிழவரின் துண்டைச் சரிசெய்யக் குனிகிறவள்போல ஆனெலியின் வாயருகே நெருங்கி, மெல்ல, மரியாதையாக, மூச்சை உள்ளே இழுத்தாள்.

ஆனெலி எழுந்து வெளியே போனாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் மணல் தூவிய பனிக்கூழ் காலணிகளில் ஏறியது. சிக்ஸ்டன் ஃபோனைக் கையில் எடுத்தான். திரையில் அந்த ஒலிப்பதிவு ஒரு சின்னக் கோடாகக் கிடந்தது.

"முழுசா சொல்லிடறேன் ஆனெலி," என்றார் குன்னெல். "இந்தப் பதிவு இல்லைன்னா, அவர் பொம்மைங்கறதுக்கு ஊரே சாட்சி. தெங்வால் மேல போடலாம். ஜெயிப்பீங்க, பணம் வரும். இதை வச்சுக்கிட்டா, சாண்டெலின் மேலதான் போட முடியும். அவர்கிட்ட நாலு கம்பளிச் சட்டையைத் தவிர ஒண்ணும் இல்ல. தீர்ப்பு வர்றதுக்குள்ள செத்தாலும் செத்துடுவார். அப்ப கேஸும் சாகும். படுத்த படுக்கையா கிடந்த பெரிய மனுஷனைக் கோர்ட்டுக்கு இழுத்தாள்னு ஊர் பேசும்."

"அழிச்சுடட்டுமா?" சிக்ஸ்டனின் கட்டைவிரல் திரைக்கு மேல் நின்றது. "பாஸ், நாம ஒண்ணும் கேக்கல, ஒண்ணும் பாக்கல. தெங்வாலும் யோக்கியன் இல்ல. படிக்காம ஊர்முழுக்க விஷத்தை விநியோகம் பண்ணினவன். அவன் கொடுக்கட்டும். இவங்க வாழட்டும்."

குன்னெல் அவனைத் திட்டவில்லை. அதிலிருந்தே அவருக்கும் அந்த ஆசை இருந்தது என்று அவனுக்குத் தெரிந்தது.

ஆனெலி துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவர் எழுதினதை நீங்க ரெண்டு பேரும் கேட்டீங்க இல்ல? அந்த மறுப்பை," என்றாள். "எவ்வளவு நல்லா எழுதறார். நான் தெங்வால் மேல போட்டா, அதுவும் அவர் எழுதினபடிதான் நடக்கும். என் கையெழுத்தோட."

"உங்க பொண்ணை நெனைச்சுப் பாருங்க," என்றான் சிக்ஸ்டன்.

"அவளைத்தான் நெனைக்கறேன். அம்மா குடிக்கலன்னு அவளுக்குத் தெரியும். வீட்டுல அது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. பொய் சொல்லிப் பணம் வாங்கினேன்னு ஒரு நாள் தெரிஞ்சா, அதுவும் போயிடும்." அவள் குன்னெல் பக்கம் திரும்பினாள். "அவர் தெளிவா இருக்கார்னு எழுதுங்க. என் பேரைக் கெடுத்தவர் பேரைப் போடுங்க."

"ஒண்ணும் கிடைக்காது ஆனெலி."

"தெரியும்."

 குன்னெல் சிக்ஸ்டனின் கையிலிருந்து ஃபோனை வாங்கி, தன் ஓவர்கோட்டின் உள்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

வீடுவரை கொண்டுவிடுகிறோம் என்றதற்கு ஆனெலி மறுத்துவிட்டாள். இல்லத்தின் வாசலிலேயே நிறுத்தம் இருந்தது. நகரப் பேருந்து வந்து நின்று, ஏறுகிறவர்களுக்காக வாசல் பக்கம் தாழ்ந்தது. ஓட்டியவன் அவளோடு வேலை பார்த்தவன். கண்ணாடி வழியே அவளைப் பார்த்ததும் அவன் முகம் என்ன செய்வதென்று தெரியாமல் திண்டாடியது. வண்டியில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஆளாளுக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

ஆனெலி படியேறி, அட்டையைக் காட்டி, அவனுக்கு வணக்கம் சொன்னாள். அவன் முகத்தைத் திருப்பாமல் கதவை மூடும் பொத்தானை அழுத்தினான். பின்னால் வரிசை வரிசையாக இடம் காலியாக இருந்தது. அவள் அவனுக்கு நேர் பின்னால் இருந்த முதல் இருக்கையில் உட்கார்ந்து, கைகளை முன்கம்பியில் வைத்துக்கொண்டு, சாலையைப் பார்த்தாள்.